பைக் விபத்தில் கை நரம்பு அறுந்தது: எந்த உதவித்தொகை கிடைக்கும்?

உங்கள் தம்பி இன்ஜினியரிங் முதலாண்டு, வலது தோள் நரம்புப் பின்னலில் காயம், வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3.6 லட்சம் என்கிறீர்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்பு) உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம், அதை விட்டுவிடுங்கள். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு நடத்தும் சக்ஷம் உதவித்தொகைத் திட்டத்துக்கு வரம்பு 8 லட்சம், தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். கல்லூரிக்கு ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்க வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாமே ஊனச் சதவீதத்தில்தான் நிற்கிறது. 40-க்குக் குறைந்தால் தகுதியில்லை. யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து மருத்துவக் குழுவிடம் போகும்போது இ.எம்.ஜி. (தசை மின்சோதனை), நரம்புக் கடத்தல் சோதனை ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கையில் இருக்கட்டும். எக்ஸ்ரே மட்டும் காட்டினால் எலும்பு கூடியதுதான் தெரியும், நரம்பு செத்தது தெரியாது. நரம்பு மீள வாய்ப்பிருந்தால் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். அது காலாவதியாகும் தேதியைக் குறித்து வைத்து முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

பிறகு தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஓடிஆர் என்னும் ஒருமுறைப் பதிவு, விண்ணப்பம். சமர்ப்பித்த கையோடு கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் நோடல் அலுவலரை நேரில் பாருங்கள். அவர் சரிபார்க்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது மட்டும் போதாது. நேரடி மானியம் வரும் கணக்காக அது இணைந்திருக்கிறதா என்று ஆதார் தளத்திலேயே பாருங்கள்.

வலது கை என்பதால் இன்னொன்று: தேர்வில் தம்பி சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தர் (ஸ்க்ரைப்) உதவியும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேளுங்கள்.