தடுப்பூசி போடாதவருக்குப் படுக்கை இல்லையா?

கேள்வி: கொரோனா காலத்தில் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் தடுப்பூசி வேண்டாம் என்று அடம்பிடித்தவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள். என் சொந்த அண்ணனே, “பத்து மாதத்தில் அவசரமாகச் செய்த மருந்தை என் உடம்பில் ஏற்ற மாட்டேன்” என்று கடைசிவரை மறுத்தார். இந்த மூடர்களிடம் எத்தனை நாள் கெஞ்சுவது? அடுத்த பெருந்தொற்றில், ஊசி போடாதவருக்கு மருத்துவமனையில் இடமில்லை என்று அறிவித்துவிட்டால் தாமாக வரிசையில் வந்து நிற்க மாட்டார்களா?

பதில்: மாட்டார்கள். அப்படியே வந்து நின்றாலும், அந்த அறிவிப்பை ஆதரித்து இந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட எழுத மாட்டேன். மூச்சுத் திணறி வருபவருக்கு ஆக்ஸிஜன் வைக்கும் முன் சான்றிதழ் கேட்கிற மருத்துவமனை, நாளை புகைபிடித்தவரையும் குடித்தவரையும் ஹெல்மெட் போடாதவரையும் வாசலிலேயே நிறுத்தும். சிகிச்சை தருவது மருத்துவரின் வேலை. தண்டனை தருவது அவர் வேலை அல்ல.

அலி மாவ் மாலின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்த இளைஞர். 1977 அக்டோபரில் பெரியம்மை கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்ட அவரும் ஏறிக்கொண்டார். சில நிமிடப் பயணம்தான்; அதற்குள் நோய் தொற்றிவிட்டது. மருத்துவமனையிலேயே வேலை பார்த்தவருக்கு அம்மைத் தடுப்பு கையெட்டும் தூரத்தில் இருந்தது. வலிக்கும் என்ற பயத்தில் தப்பித்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். முதலில் மலேரியா என்றார்கள், பிறகு சின்னம்மை என்றார்கள். உண்மை தெரிந்ததும் அவரைத் தனிமைப்படுத்தி, அவர் பழகிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒருவர் விடாமல் தேடிப் பிடித்தார்கள். இரண்டே வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் 50,000 பேருக்கு மேல் தடுப்பு மருந்து செலுத்தினார்கள். அவரிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மைக்கு உலகின் கடைசி நோயாளி அவர்தான். 1980-இல் அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நீங்கள் கேட்கும் அறிவிப்பு அன்று இருந்திருந்தால் மாலின் என்ன செய்திருப்பார்? வீட்டுக்குள் ஒளிந்திருப்பார். வீட்டார் மறைத்திருப்பார்கள். கடைசி நோயாளி என்ற பெயர் வேறு யாருக்கோ, வேறு ஏதோ ஓர் ஆண்டில் போயிருக்கும். பிழைத்து எழுந்த அந்த மனிதர் பிற்பாடு போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்தார். குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய தாய்மாரிடம் தன் கதையைச் சொன்னார். 2013-இல் இறக்கும்போதும் அந்த வேலையில்தான் இருந்தார். அவரை மூடர் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

இனி உங்கள் அண்ணன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. உடம்புக்குள் போகிற மருந்தைப் பற்றி “இவ்வளவு சீக்கிரம் எப்படி?” என்று கேட்காதவர்தான் யோசிக்காதவர். அவருக்குப் பதில் கிடைத்ததா என்பதே என் கேள்வி. 2020 ஜனவரியில் வைரஸின் மரபணு வரிசை வெளியாயிற்று. டிசம்பரில் ஊசி வந்துவிட்டது. இந்த இரண்டு தேதிகளை மட்டும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் வைரஸின் புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குத் தரும் எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிக்கு வழிதிறந்த விஞ்ஞானிகள் கட்டலின் காரிகோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோரின் ஆய்வு 2005-லேயே வெளிவந்துவிட்டது. அதற்கும் முன்பு பல ஆண்டு உழைப்பு உண்டு. சார்ஸ், மெர்ஸ் நோய்கள் பரவியபோதே இந்த வைரஸ் குடும்பத்தின் மேற்பரப்பில் முள்போல நீட்டியிருக்கும் முள்புரதத்தை விஞ்ஞானிகள் ஆராயத் தொடங்கியிருந்தார்கள். மிச்சப்பட்டது காத்திருக்கும் காலம்தான். பணத்துக்காகக் காத்திருப்பது, ஒரு கட்டச் சோதனை முடிந்து அடுத்ததற்கு அனுமதி வரும்வரை காத்திருப்பது, சோதனை வெற்றி பெற்ற பிறகே ஆலையில் உற்பத்தியைத் தொடங்குவது எல்லாவற்றையும் அரசுகள் முன்பணம் கொடுத்துச் சுருக்கின. சோதனைக்கான ஆட்களைக் குறைக்கவில்லை. ஃபைசர் - பயோஎன்டெக் சோதனையில் மட்டும் 40,000-க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். பிறகு நோய் கண்ட 170 பேரில் 162 பேர் உப்புநீர் ஊசி போட்டவர்கள். இதை யாராவது உங்கள் அண்ணன் அருகில் உட்கார்ந்து சொன்னார்களா? நீங்கள் சொன்னீர்களா?

சொல்ல வேண்டியவர்கள் அதற்குப் பதிலாக வேறு சிலவற்றைச் சொன்னார்கள். “ஒன்றுமே ஆகாது” என்றார்கள். 2021 வசந்தத்தில் அஸ்ட்ராஜெனிகா ஊசிக்குப் பின் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைவது தெரியவந்தபோது ஐரோப்பிய நாடுகள் பல அதை நிறுத்திவைத்துப் பரிசீலித்தன. டென்மார்க் ஒரேயடியாகக் கைவிட்டது. எம்.ஆர்.என்.ஏ. ஊசியால் இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது. இவை அரிதானவை, நோயால் வந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலானோருக்கு ஊசியே பாதுகாப்பு. லட்சத்தில் ஒருவருக்கு வரும் கோளாறைக்கூடக் கண்காணிப்பு பிடித்துவிட்டது என்று தைரியம் சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் ‘ஒன்றுமே ஆகாது’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது துரோகமாகத்தான் ஒலிக்கும். “ஊசி போட்டால் நோயே வராது” என்றதும் அப்படித்தான். ஒமிக்ரான் வந்ததும் போட்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் காப்பாற்றியதே அந்த ஊசியின் பெரிய பலன். அதை முதல் நாளே அப்படிச் சொல்லியிருக்கலாம்.

மருத்துவமனையில் கிடப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள் என்ற செய்தியும் எத்தனை பேரைக் கலங்கடித்தது! ஆயிரம் பேரில் 900 பேர் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாத 100 பேரில் 10 பேரும், போட்ட 900 பேரில் 18 பேரும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். படுக்கையில் கிடக்கும் 28 பேரில் 18 பேர் போட்டவர்கள்தான். ஆனால் போடாதவருக்கு ஆபத்து நூற்றுக்குப் பத்து. போட்டவருக்கு நூற்றுக்கு இரண்டு. பள்ளிக்கூடக் கணக்குதான். தலைப்புச் செய்தியில் பாதியை மட்டும் போட்ட எங்கள் தொழில்காரர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

அவநம்பிக்கைக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. 1996-இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்று புது மருந்தைச் சுமார் 200 குழந்தைகளிடம் சோதித்தது. முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2003-இல் அதே வட்டாரம் போலியோ சொட்டு மருந்தை மறுத்தது. அங்கிருந்து வைரஸ் பல நாடுகளுக்குப் பரவியது. 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடனைத் தேட அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. போலியாக ஒரு ஹெபடைடிஸ் தடுப்பூசி முகாம் நடத்தியது. அது அம்பலமான பிறகு பாகிஸ்தானில் போலியோ ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏமாற்றியவர்கள் ஒரு தரப்பு. உயிரைக் கொடுத்தவர்கள் வேறு தரப்பு. இத்தனை நடந்த பிறகு கதவைத் திறக்கத் தயங்கும் ஒரு தாயின் அச்சம் அறியாமையல்ல.

உங்கள் கோபம் வேண்டியதுதான். அதைத் தெரிந்தே பொய் விற்றவர்கள்மீது காட்டுங்கள். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். ஊசி நிறுவனங்கள்மீது வழக்குத் தயாரித்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்திருந்ததை மறைத்தார். 2010-இல் கட்டுரை நீக்கப்பட்டது. மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு தாமதம். அதற்குள் எத்தனை பெற்றோர் தட்டம்மை ஊசியைத் தவிர்த்தார்கள்! தயங்குகிறவரையும் இப்படிப்பட்டவரையும் ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள்.

கட்டாயம் அறவே கூடாதா என்று கேட்பீர்கள். நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் ஊழியர்களுக்கு இருக்கலாம். எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் பெரியம்மைத் தடுப்பு கட்டாயம் என்று இங்கிலாந்து 1853-இல் சட்டம் கொண்டுவந்தது; மறுத்த பெற்றோருக்கு அபராதமும் சிறையும் கிடைத்தன. 1885-இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். 1898-இல் மனசாட்சிப்படி மறுப்பவருக்கு அரசே விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அரசிடம் நீங்கள் ஏதாவது கேட்க விரும்பினால், படுக்கையைப் பறிக்கச் சொல்லாமல் இழப்பீட்டைக் கேளுங்கள். ஊரின் நன்மைக்காக ஊசி போட்டுக்கொண்டு அந்த அரிதான கோளாறுக்கு ஆளானவரை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க விடக் கூடாது. ஏழை நாடுகளுக்கும் கொரோனா ஊசி கிடைக்கச் செய்த உலகளாவிய கோவாக்ஸ் திட்டத்தில் உதவி பெறத் தகுதியுள்ள 92 நாடுகளுக்கு, யார் மீது தவறு என்று நிரூபிக்கச் சொல்லாத இழப்பீட்டு ஏற்பாடு ஒன்றை 2021-இல் செய்தார்கள். அதுபோன்ற ஒன்று, தொகையும் விண்ணப்பிக்கும் இடமும் முகாம் வாசலிலேயே எழுதி ஒட்டப்பட்டு, முதல் ஊசி போடும் நாளன்றே எல்லா நாட்டிலும் தயாராக இருக்க வேண்டும்.