ஸியூஸின் இடி ஒரு தடவைக்குமேல் விழாதது ஏன்?

‘ஏஜ் ஆஃப் மித்தாலஜி’ என்ற கணினிப் போர் ஆட்டத்தில் ஸியூஸின் இடியை இரண்டாம் தடவை ஏவ முடியவில்லை, அது ஒரு தடவைதான் என்று சிங்கப்பூரின் யீஷூனில் உள்ள நண்பர்கள் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அது பழுதில்லை. 2002இல் வந்த ‘ஏஜ் ஆஃப் மித்தாலஜி’யில் ஒரு தெய்வ சக்தியை ஆட்டத்துக்கு ஒரே தடவைதான் ஏவ முடியும். உங்கள் யீஷூன் நண்பர்கள் சொல்வது அந்த விதி. 2024இல் அதன் மறுஆக்கமாக வந்த ‘ரீடோல்ட்’டில் மறுபடியும் ஏவலாம். முதல் தடவை இலவசம், பிறகு காத்திருப்பு நேரமும் முடிய வேண்டும், ஃபேவரும் (பிரார்த்தனையால் சேரும் தெய்வ அருள்) கட்ட வேண்டும்.

இருக்கிற ஃபேவரையெல்லாம் மினோட்டார் என்ற காளைத்தலைப் பூதத்துக்குக் கொட்டியிருப்பீர்கள், அதனால்தான் இடியை ஏவும் ‘போல்ட்’ பொத்தான் மங்கிக் கிடக்கிறது. அதன்மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள். தடுப்பது நேரமா ஃபேவரா என்று தெரிந்துவிடும். ஃபேவர் என்றால் கோயிலில் இன்னும் இரண்டு, மூன்று கிராமவாசிகளைப் பிரார்த்தனைக்கு விடுங்கள். கும்பலாக விடாதீர்கள்: ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் தரும் ஃபேவர் குறையும், உணவும் மரமும் அடிவாங்கும்.

ஒவ்வொரு தடவையும் விலை ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். சாதாரணக் காலாள்மேல் ‘போல்ட்’டை வீணாக்கினால், பெரிய பூதம் வரும்போது கை காலியாக இருக்கும்.

மாற்றம் நல்லதா என்ற சண்டையில் நான் புதிய விதியின் பக்கம். பழையதில் பலர் “பிறகு உதவும்” என்று பொத்திவைத்தே தோற்றார்கள். நண்பர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், “ஆளுக்கு ஒரு தடவை” என்று வாய்மொழியாகப் பேசிவைத்து ஆடுங்கள்.