கூரை பிரிக்க டம்ப்ஸ்டர் எடுக்கிறீர்களா? முதலில் எடையைக் கேளுங்கள்

கூரை வேலைக் குழுவில் பல வருடம் இருந்தவன் நான். பாதி நாள் மேலே நின்று பழைய ஷிங்கிளை, அதாவது கூரைமேல் வரிசையாக ஆணியடிக்கும் தார்த் தகடுகளை, பெயர்ப்பேன், பாதி நாள் கீழே நின்று அதை அள்ளுவேன். லாரியில் வந்து இறங்கும் அந்தப் பெரிய இரும்புப் பெட்டியை, அதாவது டம்ப்ஸ்டரை, வாடகைக்கு எடுப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: வீடு தரையளவில் 30-க்கு 50 அடி. 10, 20, 30 யார்டு என்று பெட்டி இருக்கிறதாம். பெரியதாக ஒரு 30 எடுத்துவிட்டால் நிம்மதிதானே அண்ணா?

அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். யார்டு என்பது கன கெஜம், வெறும் கொள்ளளவு. பழைய சோபா, அட்டைப்பெட்டி போட்டால் இடம் முதலில் தீரும். தார் ஷிங்கிள் போட்டால் இடம் பாக்கி இருக்கும்போதே எடை தீர்ந்துவிடும். பெயர்த்த ஷிங்கிள் ஒரு கன கெஜம் சுமார் 330 கிலோ. 30 யார்டு பெட்டியை அதாலேயே நிரப்பினால் கிட்டத்தட்ட 10 டன். லாரிக்காரர் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, பாதியை இறக்கச் சொல்வார். ஒருமுறை நாங்களே அப்படி இறக்கினோம். மேலிருந்து தள்ளியதைக் கையால் திரும்ப எடுப்பது போன்ற வெறுப்பான வேலை வேறில்லை.

உங்கள் கணக்கைப் போடுவோம். கூரை சுற்றிலும் ஒரு அடி வெளியே நீண்டிருந்தால் 32-க்கு 52, அதாவது 1,664 சதுர அடி. கூரை சரிவாக இருப்பதால் பரப்பு இதைவிடக் கூடும். 12 அங்குலம் போனால் 6 அங்குலம் ஏறும் சரிவு என்றால் 1.12-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 1,860 வரும். கூரைக்காரர்கள் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்பார்கள். உங்களுக்கு 19 ஸ்கொயர். சாதாரண மெல்லிய ஷிங்கிள் ஒரு ஸ்கொயர் 110 கிலோ என்று வைத்தால் 2 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. தடித்த அடுக்கு வகை என்றால் 3 டன்னை நெருங்கும். இடம் என்று பார்த்தால் 10 யார்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே போன் செய்யும்போது "எத்தனை யார்டு" என்று தொடங்காதீர்கள். "ஷிங்கிள் போடப் போகிறேன், வாடகையில் எத்தனை டன் அடக்கம், மிஞ்சினால் டன்னுக்கு எவ்வளவு" என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கூரையில் பழைய ஷிங்கிளுக்கு மேலேயே புதியதை அடித்திருப்பதாகச் சந்தேகம்.

சந்தேகத்தோடு பெட்டி எடுக்காதீர்கள். சரிவான பக்க விளிம்பில் ஏணி சாய்த்து ஓரத்தைப் பாருங்கள், அடுக்கை எண்ணிவிடலாம். இரண்டு அடுக்கு என்றால் எடை இரட்டிப்பு. ஒரு பெரிய பெட்டியைவிடச் சின்னப் பெட்டியை ஒருமுறை மாற்றிக்கொள்வதே எனக்குப் பிடிக்கும். நிறைந்தது போகும், காலி வரும். மாற்ற எவ்வளவு கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: கான்கிரீட் ஓடு வீட்டுக்கும் இதே கணக்கா?

இல்லவே இல்லை. கான்கிரீட் ஓடு ஒரு ஸ்கொயர் 400 கிலோவைத் தாண்டும். போன் செய்யும்போது உங்கள் பொருள் ஓடு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கேள்வி: டிரைவ்வேயில், அதாவது வீட்டுக்குக் கார் வரும் பாதையில், வைத்தால் தரை கெடுமா?

பலகை போடாவிட்டால் கெடும். பெட்டியின் அடியில் சின்ன இரும்புச் சக்கரங்கள் உண்டு, முழு எடையும் அவற்றில்தான் நிற்கும். வெயில் காலத்தில் தார்த் தரை இளகியிருக்கும்போது அவை பதிந்த குழி அப்படியே நிற்கும். லாரி வருவதற்கு முன்பே கனமான பலகைகளைப் போட்டு வையுங்கள், ஓட்டுநர் பார்த்து அதன்மேல் இறக்குவார். பெட்டி இறங்கிய பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. அப்புறம் மேலே பாருங்கள்: பெட்டியை இறக்கும்போது லாரியின் படுக்கை சாய்ந்து உயரமாக எழும், மின்கம்பியோ மரக்கிளையோ இருக்கக் கூடாது. பெட்டியின் கதவு முழுதாகத் திறக்கவும் இடம் விடுங்கள். தெருவில் வைப்பதானால் உள்ளாட்சி அனுமதி தேவையா என்று விசாரியுங்கள்.

கேள்வி: இரவில் மூடி வைக்க வேண்டுமா?

கட்டாயம். நிறுவை மேடையில் மழைத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். ஷிங்கிளுக்கு அடியில் விரித்திருந்த தாளும் உளுத்த பலகையும் நனைந்தால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: திறந்த பெட்டியைப் பார்த்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தங்கள் பழைய மெத்தை ஞாபகம் வந்துவிடும். காலையில் அது உங்கள் பெட்டியில் கிடக்கும்.

கேள்வி: கூரைக் குப்பையோடு வீட்டுக் குப்பையையும் போட்டுவிடலாமா சார்?

பெயிண்ட், பேட்டரி, எரிவாயு உருளை, டயர், பழைய ஃபிரிட்ஜ் எதுவும் கூடாது. ஷிங்கிளை மட்டும் தனியாகப் போட்டால் சில இடங்களில் அதை அரைத்துச் சாலைத் தாரில் கலக்க எடுத்துக்கொள்வார்கள், கட்டணமும் குறையலாம். அதில் ஒரு மெத்தை விழுந்தால் அந்த வாய்ப்பு போச்சு.

கேள்வி: தாத்தா காலத்து வீடு. கூரையில் சாம்பல் நிறச் சிமென்ட் தகடு.

கையை வைக்காதீர்கள். அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைத்தால் தூசி நுரையீரலுக்குள் போகும். முதலில் விவரம் தெரிந்தவரை வைத்து ஒரு மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். இருந்தால் அதற்கென்று உரிமம் உள்ளவர்கள்தான் பிரிக்க வேண்டும், சாதாரண டம்ப்ஸ்டரில் போடவே முடியாது.

கேள்வி: ஒப்பந்ததாரரே பெட்டி கொண்டுவருவதாகச் சொல்கிறார். நான் எதையாவது கவனிக்க வேண்டுமா?

எடை மிஞ்சினால் யார் கட்டுவது, டிரைவ்வே உடைந்தால் யார் பொறுப்பு, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பெட்டியின் விளிம்புக்கு மேல் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குவித்திருந்தால் லாரிக்காரர் எடுக்க மாட்டார். பெட்டி போன அன்றே, அது நின்ற இடத்தில் காந்தக் கட்டையை இரண்டு திசையிலும் இழுக்கச் சொல்லுங்கள். கூரை ஓரத்தைவிட அங்கேதான் ஆணி அதிகம் கிடக்கும், உங்கள் கார் டயரும் அதே வழியில்தான் போகும்.