மூன்று நட்சத்திரமும் ஒரு வாளி சாம்பாரும்

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல். குடும்பத்தோடு டிபன் சாப்பிட்டுவிட்டு, மனதில் பட்டதை இணையத்தில் எழுதினேன்: 'இட்லி பரவாயில்லை, சாம்பார் சுமார், சர்வீஸ் தாமதம்.' மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது முதலாளி, 'பிழைப்பைக் கெடுக்கிறீங்களே சார்' என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். உள்ளூர் ஓட்டலைப் பற்றி உண்மையை எழுதுவது தப்பா?
– வாசகர், கரூர்

பதில்: தப்பே இல்லை. காசு கொடுத்துச் சாப்பிட்டவர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த முதலாளி அடுப்படிக்குள் போய் எதைத் திருத்துவார்? அவர் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதலில் அந்த மூன்று நட்சத்திரம். பிரான்சின் மிஷெலின் டயர் கம்பெனி 1900இல் கார் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு கையேடு போட்டு இலவசமாகக் கொடுத்தது. 1926இல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1931 முதல் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையானது. அங்கே ஒரு நட்சத்திரம் கிடைத்தாலே பெருமை. இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டாவது போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே பயணம் கிளம்பலாம். சோதிக்க வருகிறவர் யாரென்று கடைக்காரருக்குத் தெரியாது, பில்லையும் அவரே கட்டிவிடுவார். நம் கைபேசியில் அதே மூன்று நட்சத்திரத்துக்கு 'இந்தப் பக்கம் வராதே' என்று அர்த்தமாகிவிட்டது. வண்டி நிறுத்த இடமில்லை என்று ஒருவர் ஒன்று கொடுக்கிறார், மச்சான் கடை என்று இன்னொருவர் ஐந்து கொடுக்கிறார். இரண்டையும் கூட்டி வகுத்து வரும் எண்ணில் சாம்பாரைப் பற்றி ஒரு தகவலும் இருக்காது. நட்சத்திரம் கொடுப்பதையே விட்டுவிடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. இன்னும் எழுதுவேன்.

அடுத்தது 'சாம்பார் சுமார்'. எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? சின்ன ஓட்டலில் காலை டிபனுக்கு விடியற்காலையில் ஒரே ஒரு ஈடு சாம்பார்தான் வைப்பார்கள். ஏழு மணிக்கு ஊற்றும் சாம்பாரும் பத்தரை மணிக்கு ஊற்றும் சாம்பாரும் ஒன்றல்ல. கூட்டம் வர வர வாளி காலியாகும், பாத்திரத்தில் வெந்நீர் ஏறும். தண்ணீருக்கு ஏற்ற உப்பும் புளியும் பொடியும் சேர்த்து மறுபடி கொதிக்கவிடும் மாஸ்டர் உண்டு. வெறும் வெந்நீரோடு நிறுத்திக்கொள்கிறவரும் உண்டு. இரண்டாவது ரகத்தில்தான் சாம்பார் சப்பென்று போகும். நீர்த்தது தெரியாமலிருக்க அரிசி மாவையோ சோள மாவையோ கரைத்து ஊற்றுவது இன்னொரு வழக்கம். கண்டுபிடிப்பது சுலபம். கிண்ணத்தில் ஐந்து நிமிஷம் தொடாமல் வையுங்கள். பருப்பு சாம்பார் தெளியும்: நீர் மேலே, பருப்பு கீழே. மாவு கலந்தது தெளியாது, மேலே ஏடு கட்டும், நாக்கில் கொழகொழக்கும்.

பச்சை வாசனை அடித்தால் சாம்பார் பொடி கொதிக்கவில்லை. புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் புளித்தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே பருப்பைக் கொட்டிவிட்டார்கள். பருப்பு திப்பிதிப்பியாகத் தட்டுப்பட்டால் அது குழைய வேகும் முன்னால் புளி விழுந்துவிட்டது. புளிப்பு சேர்ந்த பிறகு பருப்பு லேசில் குழையாது. காய் கரைந்து, கொத்தமல்லி கறுத்து, பெருங்காய வாசனையே இல்லாமல் இருந்தால் அடுப்பில் கிடந்தே சோர்ந்த சாம்பார். இவையெல்லாம் வேறு வேறு தப்புகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். 'சுமார்' என்று எழுதினால் மாஸ்டருக்கு எது என்று எப்படித் தெரியும்? 'ஞாயிறு காலை பத்தரைக்குச் சாம்பார் நீர்த்து, உப்புக் குறைவாக இருந்தது' என்று எழுதியிருந்தால், அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு அவர் இரண்டாவது ஈடு வைப்பதைப் பற்றி யோசித்திருப்பார். படிக்கிற இன்னொருவரும் எட்டு மணிக்கே போய் நல்ல சாம்பார் சாப்பிட்டிருப்பார்.

இட்லி 'பரவாயில்லை' என்பதும் அப்படித்தான். விரலால் அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்ப வேண்டும். கல்லாட்டம் இருந்தால் உளுந்து குறைவு அல்லது மாவு பொங்கவில்லை. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பல ஓட்டல்களில் உள்ள கணக்கு. உளுந்து விலை ஏறும் மாதங்களில் அது ஐந்துக்கு ஒன்றாக இளைக்கும், ஆப்பச் சோடா உள்ளே வரும். சோடா கூடிப்போன இட்லியில் லேசான மஞ்சளும் சவர்க்கார வாடையும் இருக்கும். தட்டையாகப் படுத்து, கையில் பிசுபிசுத்தால் மாவு புளித்துப் போய்விட்டது அல்லது தண்ணீர் கூடிவிட்டது. அடிப்பக்கம் மட்டும் சொதசொதவென்றிருந்தால் இட்லி மேல் குற்றமில்லை. வெந்ததைச் சூட்டோடு மூடிய டப்பாவில் அடுக்கி, ஆவி நீராக இறங்கியிருக்கிறது.

தோசையைப் பார்த்தால் கல்லின் நிலவரம் தெரியும். வெளுத்து, வறட்டென்று வந்தால் கல் சூடு போதவில்லை. கூட்டத்தில் ஒன்றன் பின் ஒன்றாக மாவு விழும்போது இப்படி ஆகும். கல் அளவுக்கு மேல் காய்ந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும், அங்கங்கே கறுக்கும், நடுவில் வேகாது. அதற்குத்தான் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் தள்ளுகிறார்கள். தோசை சிவந்திருந்தாலே நல்ல கல் என்று நினைக்க வேண்டாம். மாவில் சர்க்கரை விழுந்தாலும் சீக்கிரம் சிவக்கும், தின்றால் தித்திப்புத் தெரிந்துவிடும்.

உளுந்து வடை எண்ணெய் குடித்திருந்தால் மாவு ஆட்டும்போது தண்ணீர் கூடியிருக்கும், இல்லையென்றால் எண்ணெய் காயும் முன் போட்டிருப்பார்கள். 175, 180 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு நின்றால் வெளியே மொறுமொறுக்கும், உள்ளும் வேகும். அதற்கு மேல் போனால் வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவு. தொண்டையில் கரகரப்பு இருந்தால் பழைய எண்ணெய் என்று சந்தேகிக்க இடம் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுக்கும், நுரை கட்டி அடங்காமல் நிற்கும். பொரிக்கும் எண்ணெயில், அது காயக் காயச் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும், உங்கள் நாக்கு போதாது. அதனால் 'கெட்டுப்போன எண்ணெய்' என்று எழுதாதீர்கள். 'வடை சாப்பிட்டதும் தொண்டை கரகரத்தது' என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வழக்குப் போடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அவதூறைத் தண்டிக்கிறது, கூடவே விலக்குகளையும் வைத்திருக்கிறது. பொது நன்மைக்கான உண்மை, நல்லெண்ணத்தோடு பிறரை எச்சரிப்பது ஆகியவை அந்த விலக்குகளில் வருகின்றன. நாக்கில் பட்டதை எழுதினவர் நிம்மதியாகத் தூங்கலாம். பார்க்காத சமையலறையைப் பற்றி எழுதினவர் தூங்க முடியாது.

'சர்வீஸ் தாமதம்' என்றால் எத்தனை நிமிஷம், எதற்கு? ஐந்து பேர் ஆளுக்கொரு ரோஸ்ட் சொல்லியிருந்தால் ஒற்றைக் கல் கடையில் கால் மணி ஆகத்தான் ஆகும். இரண்டு சப்ளையர் பத்து மேஜை பார்க்கும் இடத்தில் தண்ணீர் வர நேரமாவதும், இட்லி வர இருபது நிமிஷம் ஆவதும் ஒரே குறை அல்ல. குறை கண்டால் எழுந்து போவதற்கு முன்பே கல்லாவில் சொல்லுங்கள். நல்ல முதலாளி அங்கேயே மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்பார், தட்டை மாற்றிக் கொடுப்பார். அவர் என்ன செய்தார் என்பதும் உங்கள் குறிப்பில் இடம்பெற வேண்டும். இன்னொரு தரம், வேறு நேரத்தில் போய்விட்டு எழுதினால் இன்னும் நியாயம். புழு, பூச்சி, ஊசிப்போன சட்னி, வயிற்றுக் கோளாறு என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பில்லில் அச்சாகியிருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குப் புகார் கொடுங்கள்.

பில் என்றதும் என் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. உங்கள் பஸ் ஸ்டாண்டுக் கடை 'சர்வீஸ் சார்ஜ்' போடாது. குளிரூட்டிய பெரிய கடைகளில்தான் சத்தமில்லாமல் பத்து சதவீதம் ஏறுகிறது. அதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் வழக்குக்குப் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பணத்தைப் பேசாமல் கட்டிவிட்டு, 'ஆம்பியன்ஸ் அருமை' என்று ஐந்து நட்சத்திரம் குத்துகிறவர்கள், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டாம் தடவை சட்னி வரத் தாமதமானால் மட்டும் பொங்குகிறார்கள். இந்த அநியாயம் எனக்குத் தாங்கவில்லை.

இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு, கேமராவைப் பார்த்துக் கண்ணை மூடி 'வேற லெவல்' என்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். சாப்பாடோ பணமோ வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள்? நீங்கள் உங்கள் காசில் சாப்பிட்டீர்கள். அதையும், தட்டின் விலையையும் முதல் வரியில் போடுங்கள்.

காபியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை. நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை, பித்தளை டபரா. டபரா காபியைத் திருத்தாது. கறுப்பாக, கெட்டியாக இருப்பதால் நல்ல டிகாக்ஷன் என்று நம்ப முடியாது, சிக்கரியும் அந்த நிறத்தைக் கொடுக்கும். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி, கலவை விகிதம் பொட்டலத்திலேயே அச்சாகியிருக்கும். கசப்பு மட்டும் இருந்து மணம் இல்லையென்றால் ஒரே பொடியில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றி இறக்கியது. பால் ஆடை வாடை அடித்தால் காலையிலிருந்து அடுப்பில் சுண்டிக்கொண்டிருக்கும் பால். அடுத்த முறை அந்த ஓட்டலில் காபி சொல்லும்போது 'முதல் டிகாக்ஷனா?' என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது, குடித்தபோது எப்படி இருந்தது, மணி எத்தனை என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.