சேஃப்டி கோர்ஸ்: போனிலா, நேரிலா?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் தம்பி மணலியில் ஒரு கான்ட்ராக்டரிடம் மூன்று வருடமாக வேலை பார்க்கிறான். சேஃப்டி ஆபீசர் ஆக வேண்டும் என்கிறான். ஒரு மாத ஆன்லைன் சேஃப்டி டிப்ளமோ 9,000 ரூபாய், வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் வருகிறது. நேரில் போய்ப் படிக்கச் செலவு அதிகம், ஷிப்டும் இடிக்கிறது. எதில் சேர்க்கலாம்?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்த 9,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். தொழிற்சாலையில் சட்டப்படியான சேஃப்டி ஆபீசர் பதவிக்குப் படிப்பு, அனுபவம் இரண்டோடு அரசு அங்கீகரித்த தொழில் பாதுகாப்பு டிப்ளமோவும் கேட்பார்கள். தரமணியில் உள்ள மத்திய அரசின் ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட் நடத்துவது ஒரு வருடப் படிப்பு. ஒரு மாதச் சான்றிதழில் டிப்ளமோ என்று அச்சடித்திருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. நெபோஷும் அப்படித்தான். பிரிட்டனின் சான்றிதழ் அது, வளைகுடா வேலைக்குக் கைகொடுக்கும், பாடத்தை ஆன்லைனிலேயே படிக்கலாம். இங்கே அந்த டிப்ளமோவின் இடத்தில் வைக்க முடியாது.

சட்டம், கழிவு விதிகள், ரசாயனத்தின் பாதுகாப்புத் தாளைப் படிப்பது, இதெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்து போனில் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்கலாம். விஷவாயு உள்ள இடத்தில் மாட்டும் மூச்சுக் கருவி அப்படி வராது. முதுகில் சிலிண்டரை மாட்டி, முகமூடி கன்னத்தோடு ஒட்டுகிறதா என்று தானே பார்த்துப் பழக வேண்டும். நாலு நாள் தாடி இருந்தாலே ஓரத்தில் காற்று நுழைந்துவிடும். டேங்குக்குள் இறங்கும் முன், உள்ளே இருக்கும் வாயுவை அளக்கும் கேஸ் மீட்டரை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் பிடிக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் காற்றின் திசை பார்த்து, அதற்குக் குறுக்கே ஆட்களை நகர்த்த வேண்டும். பலமுறை ஓடிப் பார்த்தவனுக்குத்தான் அது சட்டென்று வரும்.

நேர்ப் பயிற்சி என்றாலே நல்லது என்றும் நினைக்காதீர்கள். ஏசி அறையில் படம் போட்டுக் காட்டி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. பணம் கட்டுமுன் தம்பியை அங்கே அனுப்பி, மூச்சுக் கருவி எத்தனை செட், ஒவ்வொருவரும் மாட்டிப் பார்ப்பார்களா, தீயணைப்பானை நிஜத் தீயில் அடிக்க விடுவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். வேலை உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீதோடு வையுங்கள். ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

தம்பி வேலையை விட வேண்டாம். அனுபவம் கணக்கில் வரும். அங்கீகாரம் பெற்ற டிப்ளமோவுக்கு இப்போதே பணம் சேர்க்கட்டும். அதுவரை பிளாண்டில் மாக் டிரில், அதாவது விபத்து ஒத்திகை, நடக்கும்போதெல்லாம் தன்னைத் தீயணைப்புக் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கட்டும்.