கோளியைக் கானவில்லை

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் சனி, ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிப்பவர்கள். மூன்று வருடமாகியும் பிழையில்லாமல் ஒரு பத்தி எழுத வரவில்லை. போன வாரம் மழையைப் பற்றி எழுதச் சொன்னேன். 'மளை வந்தது. எங்கள் கோளியைக் கானவில்லை' என்று ஒரு பையன் ஆரம்பிக்கிறான். ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வதெழுதுதல் வைத்தும் பயனில்லை. செல்போன்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தாளைப் படமெடுத்து எங்கள் ஆசிரியர் குழுவில் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அழுகைதான் வந்தது. பிழைக்கு மார்க் குறைக்கலாமா?

ஒரு தமிழாசிரியை, அல்சூர்

அன்புள்ள டீச்சர்,

முதலில் குழுவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அழுகை வருகிறவர் எதற்காக நாலு பேர் சிரிக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள்? அல்சூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை, சுற்றி வந்து அது அந்தப் பையன் வீட்டுக்கே போய்ச் சேரும். உங்கள் கடிதத்திலும் இரண்டு பிழை இருந்தது. திருத்தித்தான் இங்கே போட்டிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன்.

செல்போனை விடுங்கள். அது வருவதற்கு முன்பே கல்யாணப் பத்திரிகைகளில் 'திருமனம்' நடந்துகொண்டுதான் இருந்தது.

கோளிக்கு வருகிறேன். அந்தப் பையனின் தெருவில், பள்ளியில், பஸ்ஸில் கோழிக்குப் பெயர் 'கோளி'தான். ஏழு 'ஏளு', மழை 'மளெ', வாழை 'பாளெ'. கன்னடம் இதையெல்லாம் ள போட்டுத்தான் எழுதுகிறது. பழைய கன்னடத்தில் ழ இருந்தது, கல்வெட்டுகளில் பார்க்கலாம். நாளாக ஆக அது பெரும்பாலும் ள-வோடு கலந்துபோனது. ற-வும் அப்படித்தான் ர-வுக்குள் போயிற்று. ஒரு மொழி நூற்றாண்டுக் கணக்கில் செய்த வேலையை உங்கள் மாணவன் ஒரு பக்கத்தில் செய்திருக்கிறான். கன்னட வகுப்பில் அதே கோளிக்கு முழு மார்க் கிடைக்கும். கன்னடத்தை ஏன் இழுக்க வேண்டும், மதுரைக்குத் தெற்கே போனால் படித்தவர்கள் வாயிலேயே மளைதான் பெய்கிறது.

அவன் காதில் பழுதில்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறான். நீங்களோ சொல்வதெழுதுதல் வைக்கிறீர்கள்! காதை நம்பாதே என்று சொல்லவேண்டிய பிள்ளையிடம், காதை மட்டும் நம்பி எழுது என்கிறீர்கள். 'கரை', 'கறை' இரண்டையும் நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கன்னியாகுமரி பக்கத்துக்காரராக இருந்தால் ஒருவேளை வித்தியாசம் தெரியும். மற்றவர் வாயில் இரண்டும் ஒன்றுதான். ந-வும் ன-வும் அதே கதை. வாயில் இல்லாத வேறுபாடு காதுக்கு எப்படி வரும்? 'வல்லின ற' என்று சேர்த்துச் சொல்லி எழுத வைப்பீர்கள், தெரியும். அது விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பது.

எழுத்துப்பிழை கண்ணும் கையும் சம்பந்தப்பட்ட விஷயம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறை முழுக்க சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். அங்கே தமிழ் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோப்பவர், வயதானவர், தங்கவயலிலிருந்து வந்தவர், வீட்டில் தெலுங்கு. டீ வாங்க அனுப்பும்போது "மளெ வருது, சீக்கிரம் வா" என்பார். ஆனால் அச்செழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைத்திருக்கும் கேஸுக்கு முன்னால் நின்று அச்சுக் கோக்கும்போது, 'மழை'க்கு அவர் கை ஒருநாளும் ள அறைக்குப் போனதில்லை. நேரே ழ-வுக்குப் போகும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், வாய் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். அவர் கோத்த பக்கத்தில் எனக்கு வேலையே இருக்காது. ஒரு தடவை 'பவளம்' என்ற சொல்லுக்கு எந்த 'ல' என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காற்றில் கையை நீட்டி எடுப்பதுபோல் செய்து பார்த்துவிட்டு, "ள" என்றார்.

1978-ல் தமிழ்நாட்டு அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது இல்லையா, கொம்பு வைத்த பழைய 'லை', 'னை' எல்லாம் போய்விட்டன. அந்த அச்சகத்துக்கு மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. முதலாளி பழைய அச்சுகளை உருக்கப் போட்டுவிட்டார். முன்பு ஒரே அச்சாக எடுத்ததை இனி இரண்டாக எடுக்க வேண்டும். நான் இருந்த இரண்டு மாதமும் கம்பாசிட்டரின் கை அந்தக் காலி அறைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் தெலுங்கில் கெட்ட வார்த்தை கேட்கும்.

அதனால்தான் சொல்கிறேன், பார்த்து எழுத வையுங்கள். ஒரு வாரத்துக்கு ழ வரும் பத்துச் சொற்கள், அவ்வளவுதான். கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டு, அப்புறம் மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். அப்போது வாய் திறக்காதீர்கள். கூடவே வாய்விட்டு நீங்கள் கதை படியுங்கள், அவர்கள் விரல் வைத்து வரியைப் பின்தொடரட்டும். 'காண' என்பதில் மூன்று சுழி என்று அவன் கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு உங்களால்கூட அதைக் கெடுக்க முடியாது.

மார்க் கேட்டிருந்தீர்கள். கட்டுரைக்குக் குறைக்காதீர்கள், எழுத்துக்கென்று தனியாகப் பத்து மார்க் வைத்து அதில் கறாராக இருங்கள்.

ஆனால் டீச்சர், அவன் எழுதியதில் இரண்டே வரியைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மழை வந்தது, கோழியைக் காணவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று? கிடைத்ததா? மீதியையும் தட்டச்சு செய்து அனுப்புங்கள், பிழையோடு.