அலமாரியில் இருக்கும் சேலையை ஒதுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் வசிக்கிறோம். தீபாவளிக்கு ஆளுக்கு மூன்று நான்கு உருப்படி துணி எடுப்பது எங்கள் வழக்கம். துணிக்கும் பெரிய கரிமத் தடம் (அதைச் செய்வதிலிருந்து வீசும்வரை வெளியாகும் கரிம வாயு) உண்டு, வீட்டிலுள்ள பாலியெஸ்டர் சேலைகளை ஒதுக்கிவிட்டு இயற்கைப் பருத்திக்கு மாற வேண்டும், இல்லையென்றால் பழந்துணி விற்கும் பண்டல் கடையில் வாங்க வேண்டும் என்கிறாள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள். பண்டிகை நாளில் பிறர் உடுத்திய துணியா என்று மாமியார் முகம் சுளிக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகளின் கவலை நியாயமானது. ஆனால் சேலைகளை ஒதுக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஒரு துணியின் கரிமத் தடத்தில் பெரும்பங்கு அது நம் கைக்கு வருவதற்கு முன்பே ஏறிவிடுகிறது. குவாண்டிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆடைத் தொழில் உண்டாக்கும் பருவநிலைப் பாதிப்பில் 36 விழுக்காடு சாயமிட்டுப் பதப்படுத்தும் கட்டத்திலும், 28 விழுக்காடு நூல் தயாரிக்கும் கட்டத்திலும், 15 விழுக்காடு இழையை உற்பத்தி செய்வதிலும் உண்டாகின்றன. துணியை வெளுக்கவும், சாயத்தில் ஊற வைக்கவும், பலமுறை அலசிக் காய வைக்கவும் சுடுநீரும் நீராவியும் இடைவிடாமல் தேவைப்படுகின்றன. அந்தக் கொதிகலன்களில் பல இன்றும் நிலக்கரியில்தான் ஓடுகின்றன. உங்கள் அலமாரியில் இருக்கும் பாலியெஸ்டர் சேலைக்காக எரிந்தது எரிந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கும் பருத்திச் சேலைக்காக இன்னொரு முறை எரிய வேண்டும். ஆகவே இருப்பதை நைந்து போகும்வரை உடுத்துங்கள். அடுத்து வாங்க வேண்டிய நாள் வரும்போது பருத்தியைத் தேடலாம், ஏனென்றால் பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படுவது, துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நெகிழித் துகள்களை உதிர்ப்பது.

பழையதைத் தானப் பெட்டியில் போட்டால் மறுசுழற்சியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். எலன் மக்கார்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையோ, ஆடை தயாரிக்கப் பயன்படும் மூலப்பொருளில் மீண்டும் ஆடையாவது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு என்கிறது.

என் அம்மா பால்வெட்டுக்குப் போன காலத்தில் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் மேலே போட்டுக்கொள்வார். முன்கையில் தெறித்துக் காய்ந்த பால் கறுத்துப் போய், எவ்வளவு தேய்த்தாலும் போகாமல், சின்னச் சின்ன ரப்பர்த் துணுக்குகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது வேலைச் சட்டையாக மாறுவதற்கு முன் அப்பாவின் உடம்பில் இருந்தபோதே காலர் ஒரு முறை நைந்திருக்கிறது. அம்மா தையலைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி காலரைத் திருப்பி வைத்துத் தைத்துவிடுவார். சட்டைக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைத்துவிடும். இல்லாமையால் செய்த வேலைதான் அது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கைத்திறமை நம் பட்டணத்துத் தையல்காரர்களிடம் இன்னும் இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குத் தைக்கக் கொடுக்கும்போது உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், வளர வளரப் பிரித்துவிடலாம். உங்கள் இரவிக்கைக்கும் இதே வழிதான். ஆயத்த ஆடை வாங்கினால் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தையலை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அதை வாங்காதீர்கள், பத்து வெள்ளியே ஆனாலும்.

பண்டல் கடையைப் பற்றி உங்கள் மகள் சொல்வது பாதி சரி. ஜப்பானிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் மூட்டையாக வந்திறங்கும் அந்தத் துணிகளுக்காகப் புதிதாக ஒரு முழம் நெய்யப்படுவதில்லை, கப்பலில் வருவதால் போக்குவரத்துச் சுமையும் சிறிதுதான். ஆனால் புதியது ஒன்றை வாங்குவதற்குப் பதிலாக அங்கே ஒன்றை வாங்கினால்தான் பலன் உண்டு. விலை மலிவு என்று பை நிறைய அள்ளி வந்து, அதில் பாதியைப் போடாமலே வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணையத்தில் வாங்கி விமானத்தில் வந்து சேரும் பொட்டலங்களைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுவரக் கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு கரிம வாயுவை வெளியிடுகிறது.

துவைப்பதையும் உலர்த்துவதையும் சேர்த்தே சொல்கிறேன். லீவைஸ் நிறுவனம் தன் ஜீன்ஸ் ஒன்றின் வாழ்நாள் முழுவதையும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கணக்கில், மொத்தம் 33.4 கிலோ கரிம வாயுவில் 37 விழுக்காடு வாங்கியவர் அதைத் துவைத்துப் பராமரிப்பதால் சேர்ந்தது. வெந்நீரில் துவைத்து இயந்திரத்தில் உலர்த்தும் நாட்டுக்காரர்களையும் சேர்த்து எடுத்த கணக்கு அது. நம் வீடுகளில் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறோம், ஆகவே வெளிநாட்டு அறிவுரைகளில் வரும் தண்ணீர்ச் சூட்டுக் கணக்கு நமக்குத் தேவையில்லை. நாம் கவனிக்க வேண்டியது சுயசேவை டோபிக் கடையில் சுழலும் உலர்த்தியைத்தான். மத்தியானம் தவறாமல் மழை கொட்டும் பேராக்கில் அதை அறவே விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை வெயிலில் கொடியில் பாதி காய்ந்ததை மாலையில் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தில் போட்டு எடுக்கலாம். ஒரு முறை கோயிலுக்கு உடுத்திய சேலையை நிழலில் காற்றாட விரித்து மடித்து வைத்தாலே போதும், துவைக்க வேண்டியதில்லை.

இனி மாமியாரின் பேச்சுக்கு வருகிறேன். தீபாவளியன்று கோடி உடுத்த வேண்டும் என்பது அவருக்கு வெறும் ஆசையில்லை, நம்பிக்கை. அதை முறிக்க வேண்டாம். மஞ்சள் தடவி உடுத்த ஆளுக்கு ஒரு புதுத்துணி எடுங்கள், அந்த ஒன்றை நல்லதாக எடுங்கள். மற்ற இரண்டு மூன்று உருப்படிகளை விட்டுவிடுங்கள். பண்டலில் வாங்குவது அன்றாடத்துக்கு இருக்கட்டும். மாமியாரிடம் பழைய பட்டுச்சேலை இருந்தால், விருந்துக்கு உடுத்தத் தன் பேத்திக்குக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். சேலைக்கு அளவு கிடையாது, மூன்று தலைமுறையும் ஒன்றையே உடுத்தலாம், இரவிக்கை மட்டும் மாறினால் போதும். பாட்டியுடையதை உடுத்துவதைப் பிறர் துணி என்று அவரே சொல்ல மாட்டார். மடிப்பில் இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், விட்டிருந்தால் அந்த இடத்தில் உள்பக்கமாக மெல்லிய துணி கொடுத்துத் தைக்கலாம். இந்த வேலையைத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பழைய துணியைக் கையில் வாங்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது.